ஒரு சாண் மண்ணும் இரண்டு பங்காளிகளும்

ஒரு காட்டில், ஓடையிலிருந்து மேலே ஏறும் சரிவில், இரண்டு குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. மேற்குப் பக்கம் காட்டுப்பன்றி வெள்ளையன். கிழக்குப் பக்கம் முள்ளம்பன்றி சடையாண்டி.

வெள்ளையன் கரிக்கட்டை நிறம். அதற்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அவ்வளவு கோபக்காரப் பன்றி அது. சடையாண்டிக்குக் கோபம் கிடையாது, ரோஷம் உண்டு. யாராவது சற்று உரக்கப் பேசினாலே முதுகு முட்கள் அத்தனையும் எழுந்து நின்றுவிடும்.

ஒன்று காட்டுப்பன்றி, ஒன்று முள்ளம்பன்றி. பெயரில் பாதி ஒன்றுதானே என்று இரண்டும் ஒன்றையொன்று 'பங்காளி' என்று கூப்பிட்டுக்கொண்டன. பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்தால் நிலத்தகராறும் பின்னாலேயே வரும் என்பது பாவம், அவற்றுக்குத் தெரியாது.

இருவர் நிலத்திலும் வள்ளிக்கிழங்குக் கொடி செழித்துக் கிடந்தது. இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒரு கரையான் புற்று. புற்றுக்கு அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு. அதுதான் எல்லை.

ஒருநாள் பிற்பகல் கனத்த மழை ஒன்று பெய்தது. மழை விட்டதும் பார்த்தால் புற்றைக் காணவில்லை. கரைந்து ஓடையோடு போய்விட்டது. கரையான்களும் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன.

மறுநாள் காலை சடையாண்டி கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தது. வெள்ளையன் வந்து பக்கத்தில் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தது.

"பங்காளி, உன் முன்னங்கால் என் நிலத்தில் இருக்கிறது."

"பின்னங்கால்?"

"அது உன் நிலத்தில்தான் இருக்கிறது. பின்னங்காலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை."

சடையாண்டி குனிந்து தன் கால்களைப் பார்த்தது. "நான் நிற்கிற இடத்துக்கு அந்தப் பக்கம்தானே புற்று இருந்தது?"

"இந்தப் பக்கம் இருந்தது."

"அந்தப் பக்கம்."

இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு சாண் மண். அதில் கிழங்கு இல்லை. ஒரு தும்பைச் செடி இருந்தது. அதையும் வெள்ளையன் தெரியாமல் மிதித்துவிட்டது.

"என் தும்பையை மிதித்துவிட்டாய்!" என்று சடையாண்டி கத்தியது.

"என் தும்பையை நான் மிதிப்பேன்!" என்று வெள்ளையன் உறுமியது.

அன்று முதல் பேச்சு நின்றது. பேச்சு நின்ற பிறகு சண்டை இன்னும் சுலபமாக நடந்தது. "உன் குறட்டை தினமும் என் நிலத்துக்குள் வருகிறது. அதை உன் பக்கமே வைத்துக்கொள்," என்று சடையாண்டி யாரையும் பார்க்காமல் காற்றிடம் சொன்னது. "முதலில் சிலர் தங்கள் நிழல் காலையில் எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும்," என்று வெள்ளையன் ஒரு மரத்திடம் சொன்னது. சடையாண்டி தனக்கு வந்த ரோஷத்தில், அன்றிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும்வரை வளைக்குள்ளேயே படுத்துக்கொண்டது.

வெள்ளையனின் மனைவி செவத்தாளும் சடையாண்டியின் மனைவி குருவம்மாவும் தினமும் ஓடைக்குச் சேர்ந்து போகிறவர்கள். இப்போது தனித்தனியாகப் போனார்கள். ஓடையில் சந்தித்ததும் வழக்கம்போலப் பேசினார்கள். திரும்பும்போது மறுபடியும் தனித்தனியாக வந்தார்கள்.

"ஒரு சாண்தானே, அண்ணே. விட்டுவிடுங்கள்," என்று குருவம்மா ஒருநாள் வெள்ளையனிடமே கேட்டுப் பார்த்தாள்.

"ஒரு சாண்தானே, அம்மா! அதை உன் வீட்டுக்காரர் விடட்டும்," என்றது வெள்ளையன்.

கடைசியில் இரண்டும் உடும்பாரிடம் போயின.

உடும்பார் அந்தக் காட்டின் நில அளவைக்காரர். பாறை மேல் படுத்திருப்பார். அளவில் கடுகளவு பிசகமாட்டார், யாரிடமும் ஒரு முட்டைகூட வாங்கமாட்டார். அவரைப் பற்றி எல்லாருக்கும் ஒரே ஒரு பயம்தான் உண்டு. அவரிடம் கொடுத்த வாக்கை மீறினால் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்வார். பிடித்தால் விடமாட்டார். முன்பு ஒரு கரடி மூன்று நாள் அவரைக் காலோடு இழுத்துக்கொண்டே திரிந்து, கடைசியில் அழுதுவிட்டது.

உடும்பார் இருவர் சொன்னதையும் கேட்டார். பிறகு மெதுவாகக் கண்ணைச் சிமிட்டினார்.

"உங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே அளந்த நிலம் அது. மேற்குப் பாறையிலிருந்து பத்துச் சாரை நீளம் வெள்ளையனுக்கு. அதற்கு அப்பால் சடையாண்டிக்கு. அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் என் விதி ஒன்று இருக்கிறது. இருவர் கேட்கும் மண், முடிவு தெரியும்வரை சந்தேக மண். அதில் இருவரும் கால் வைக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!" என்று இரண்டும் ஒரே குரலில் கத்தின. தான் கால் வைக்க முடியாது என்பது இரண்டுக்கும் தோன்றவே இல்லை. மற்றது கால் வைக்க முடியாது என்ற சந்தோஷம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

உடும்பார் ஓடையிலிருந்து வெள்ளைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து அந்த ஒரு சாணைச் சுற்றி வரிசையாக வைத்தார். பிறகு அளவுச் சங்கிலியைக் கூப்பிட்டார்.

அளவுச் சங்கிலி என்பது ஒரு சாரைப்பாம்பு. ஆறு முழம் நீளம். சாரையக்கா என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். நல்லவள். யார் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

சாரையக்கா பாறையில் வாலை வைத்து நீட்டிப் படுத்தாள். தலை முடிந்த இடத்தில் ஒரு கல். அங்கே வாலை வைத்து மறுபடியும் நீட்டிப் படுத்தாள். இப்படிப் பத்து முறை. பத்தாவது கல் சடையாண்டியின் நிலத்துக்குள், மூன்று முழம் தள்ளி விழுந்தது.

வெள்ளையன் ஆனந்தத்தில் மண்ணில் புரண்டது. சடையாண்டியின் முட்கள் எழுந்து நின்றன.

"இது செல்லாது! சாரையக்கா நான்கு நாளாகப் பட்டினி. பட்டினி கிடந்தால் உடம்பு நீண்டுவிடும். என்ன அக்கா, சாப்பிட்டீர்களா?"

"நீ கேட்டது போதும் தம்பி, அதுவே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது," என்றாள் சாரையக்கா. "ஆனால் சாப்பிடவில்லை."

"பார்த்தீர்களா! சாப்பாடு போட்டு அளக்க வேண்டும்," என்றது சடையாண்டி.

உடும்பார் யோசித்தார். "கேட்பது நியாயம்தான்."

மறுநாள் சடையாண்டி காடை முட்டைகளாகத் தேடிக் கொண்டுவந்து சாரையக்காவுக்கு ஊட்டியது. பன்னிரண்டு முட்டை. சாரையக்கா உடம்பு மேடும் பள்ளமுமாக ஆனது. வளைந்து வளைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பத்து முறை படுத்து எழுந்தாள். கடைசிக் கல் வெள்ளையனின் நிலத்துக்குள் ஐந்து முழம் தள்ளி விழுந்தது.

"இது என்ன அளவு? இது விருந்து!" என்று வெள்ளையன் தரையை உதைத்தது.

உடும்பார் அமைதியாகச் சொன்னார்: "நேற்றைய கல் அங்கே. இன்றைய கல் இங்கே. இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியாது. ஆகவே நடுவில் உள்ள எட்டு முழமும் சந்தேக மண்."

சொல்லிவிட்டுக் கூழாங்கல் பொறுக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அளக்க வேண்டும் என்று வெள்ளையன் கேட்டது. வெயிலில் காய்ந்த உடம்பு நீளும் என்பது அதன் கணக்கு. நீண்டது. எல்லை கிழக்கே போனது. நான்காம் நாள் பனி விழும் அதிகாலையில் அளக்க வேண்டும் என்று சடையாண்டி கேட்டது. குளிரில் உடம்பு சுருங்கும் என்பது அதன் கணக்கு. சுருங்கியது. எல்லை மேற்கே போனது. அந்தக் குளிரில் சாரையக்காவுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் தும்மித் தும்மி அளந்தாள். ஒவ்வொரு தும்மலுக்கும் அரை முழம் பின்னால் போனாள்.

"தும்மலைக் கழித்துக்கொள்ளுங்கள்," என்றது வெள்ளையன்.

"தும்மலையும் சேர்த்துத்தான் அளவு," என்றது சடையாண்டி.

"தும்மலும் சந்தேகத்துக்கு உரியதுதான்," என்றார் உடும்பார். இன்னும் கொஞ்சம் கூழாங்கல் கொண்டு வந்தார்.

ஒரு சாணில் தொடங்கிய சந்தேக மண் இப்போது இரு பக்கமும் பாதி நிலத்தை விழுங்கியிருந்தது. உள்ளே கிழங்கு முற்றிக் கிடந்தது. பெருமழை வருவதற்குள் தோண்டிவிட வேண்டும். ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும்.

வெள்ளையன் ஒருநாள் பசி தாங்காமல் கூழாங்கல்லைத் தாண்டி ஒரே ஒரு காலை வைத்தது. சர்ரென்று உடும்பார் வந்து அந்தக் காலைக் கவ்வினார். வெள்ளையன் ஓடியது, குதித்தது, ஓடையில் இறங்கி மறுகரை ஏறியது. உடும்பார் காலோடு கூடவே வந்தார். மத்தியானம்வரை இழுத்துப் பார்த்துவிட்டு, "இனிமேல் வைக்கமாட்டேன், ஐயா," என்றது. "நல்லது," என்று சொல்லிவிட்டு உடும்பார் பாறைக்குத் திரும்பினார். அவருக்குக் கோபமே இல்லை.

இதைப் பார்த்துச் சடையாண்டி சிரித்துவிட்டது. வெள்ளையனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"என்ன சிரிப்பு? நியாயமாகப் பார்த்தால் நீ குடியிருக்கிற வளையே என் தாத்தா தோண்டியது!"

"அப்படியா? நீ புரள்கிறாயே சேற்றுக்குழி, அது என் பாட்டனார் தண்ணீர் குடித்த இடம். நியாயமாகப் பார்த்தால் அது எனக்குத்தான் சேரும்!"

"உன் வளை என்னுடையது!"

"உன் குழி என்னுடையது!"

பாறை மேலிருந்து உடும்பார் தலையைத் தூக்கினார். "கேட்டேன்," என்றார்.

இரண்டும் சட்டென்று வாயை மூடிக்கொண்டன. ஆனால் உடும்பார் அதற்குள் ஓடைப்பக்கம் இறங்கிவிட்டார். வளையைச் சுற்றிக் கூழாங்கல் வைத்தார். சேற்றுக்குழியைச் சுற்றியும் வைத்தார். மிச்சமிருந்த நிலத்தையும் விடவில்லை.

"ஐயா, இது என் வீடு!" என்று வெள்ளையன் அலறியது.

"இருக்கலாம். ஆனால் சடையாண்டியும் கேட்கிறாரே?"

"அவன் சும்மா சொன்னான்!"

"சும்மா சொன்னாயா?" என்று உடும்பார் சடையாண்டியைக் கேட்டார்.

சடையாண்டி வெள்ளையனைப் பார்த்தது. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தது. ரோஷம் விடவில்லை. "சும்மா சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது," என்றது.

"எங்கள் வீட்டிலும் கிடையாது!" என்றது வெள்ளையன்.

இப்படியாக இரண்டு குடும்பங்களும் தங்கள் தங்கள் வீட்டை விட்டு வெளியே வந்தன.

சரிவில் காலூன்ற இடமே இல்லை. ஓடைக்கரையில் ஒரு சப்பைப் பாறை மட்டும் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு குடும்பம்தான் தாராளமாகப் படுக்கலாம். இரண்டு குடும்பங்களும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. சடையாண்டி மூச்சு விடும்போதெல்லாம் ஒரு முள் வெள்ளையனின் விலாவில் குத்தியது. வெள்ளையன் வாய் திறக்கவில்லை. வாய் திறந்து 'தள்ளி உட்கார்' என்று சொன்னால், உடும்பார் அந்தப் பாறையையும் அளக்க வந்துவிடுவாரோ என்று பயம்.

வெள்ளையனின் கடைக்குட்டி மேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டது: "அப்பா, அது நம் வீடா, அவர்கள் வீடா?"

வெள்ளையன் குட்டியின் தலையை ஓடைப் பக்கம் திருப்பிவிட்டது.

இரண்டு நாள் ஆனது. ஓடைப் புல்லைத் தின்று குட்டிகளின் வயிறு ஒட்டிப் போனது. மேற்கே வானம் கறுத்தது. செவத்தாள் கணவனைத் தனியே கூட்டிக்கொண்டு போனாள்.

"கிழங்கு மேலே கிடக்கிறது. பிள்ளைகள் கீழே கிடக்கிறார்கள். போய் அந்த ஒரு சாணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா."

"நானா?"

"பின்னே, அந்தத் தும்பைச் செடியா போய்ச் சொல்லும்?"

அதே நேரத்தில் பாறைக்கு மறுபக்கம் குருவம்மாவும் அதையேதான் தன் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் காரமாகச் சொன்னாள்.

வெள்ளையன் ஒரு புதரைச் சுற்றிக்கொண்டு உடும்பாரிடம் போனது. சடையாண்டி இன்னொரு புதரைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டும் அவருடைய பாறைக்கு முன்னால் ஒன்றாக வந்து நின்றன. ஒன்றையொன்று பார்த்துத் திடுக்கிட்டன. திரும்பிப் போகவும் வெட்கம்.

"அந்த ஒரு சாண் எனக்கு வேண்டாம்," என்றது வெள்ளையன், உடும்பாரின் வாலைப் பார்த்து.

"எனக்கும் வேண்டாம்," என்றது சடையாண்டி, அதே வாலைப் பார்த்து.

உடும்பார் வெகுநேரம் யோசித்தார். "அப்படியானால் அது யாரும் கேட்காத மண்," என்றார். "யாரும் கேட்காத மண்ணிலும் யாரும் கால் வைக்கக் கூடாது. அது இல்லாமல் மற்றதை எங்கிருந்து எங்கே அளப்பது? யாராவது ஒருவர் அதைக் கேட்டே ஆக வேண்டும்."

"அவனே எடுத்துக்கொள்ளட்டும்," என்றது வெள்ளையன்.

"நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? எனக்கு நீ பிச்சை போடுகிறாயா?" சடையாண்டியின் முட்கள் எழுந்தன. "நீ எடுத்துக்கொள்!"

"உன் மண் எனக்கு எதற்கு? உன்னுடையதுதான் அது. நானே சொல்கிறேன்!"

"என்னுடையது இல்லை! நீதான் சரியாகச் சொன்னாய். புற்று இந்தப் பக்கம்தான் இருந்தது!"

"அந்தப் பக்கம்தான் இருந்தது! நீ சொன்னதுதான் சரி! மரியாதையாக எடுத்துக்கொள், இல்லாவிட்டால் நடக்கிறதே வேறு!"

"எடுத்துக்கொள்ளமாட்டேன்! என்ன செய்வாய்?"

கேட்பதற்கு நடந்ததைவிடக் கொடுப்பதற்குச் சண்டை பெரிதாக நடந்தது. வெள்ளையன் சடையாண்டியை அந்த மண்ணின் பக்கம் முட்டித் தள்ளியது. மூக்கில் நான்கு முள் ஏறியது. உடும்பார் குறுக்கே வரவில்லை. அடிதடிக்கு அவரிடம் விதி எதுவும் இல்லை. அவர் அளப்பதோடு சரி.

முதல் தூறல் விழுந்தது.

செவத்தாளும் குருவம்மாவும் குட்டிகளை இழுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். இரண்டு கணவர்களும் கட்டிப்புரண்டு கிடப்பதை ஒருகணம் பார்த்தார்கள். செவத்தாள் நேரே உடும்பாரிடம் போனாள்.

"ஐயா, அந்த ஒரு சாண் எனக்கு வேண்டும்."

"உன் கணவருக்கா?"

"எனக்கு. ஓடைக்கு நடந்து போக. ரொம்ப நாளாக அந்தக் கல்லுப் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறேன், கால் வலிக்கிறது."

உடும்பார் கண்ணைச் சிமிட்டினார். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

வெள்ளையன் சடையாண்டியைப் பார்த்தது. சடையாண்டி வெள்ளையனைப் பார்த்தது. மற்றவனுக்குப் போகவில்லை என்பதில் இரண்டுக்கும் பெரிய நிம்மதி. "ஆட்சேபம் இல்லை," என்றன.

"வளைக்கும் சேற்றுக்குழிக்கும்?"

"ஐயோ, அவன் வளை எனக்கு வேண்டாம்!"

"அவன் சேற்றில் நான் என்ன செய்ய!"

"முடிந்தது," என்றார் உடும்பார். "செவத்தாளின் ஒரு சாணுக்கு மேற்கே வெள்ளையன். கிழக்கே சடையாண்டி. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை."

"அக்கா, அதில் நானும் நடக்கலாமா?" என்று குருவம்மா கேட்டாள்.

"இது என்ன கேள்வி? உன்னோடு பேசிக்கொண்டு போகத்தானே வாங்கினேன்," என்றாள் செவத்தாள்.

பிறகு நின்று பேச நேரம் இல்லை. மழை வலுத்துவிட்டது. எல்லாருமாகச் சேர்ந்து தோண்டினார்கள். வெள்ளையன் முகத்தால் மண்ணைப் புரட்டியது. மூக்கில் இன்னும் நான்கு முள் இருந்ததால் ஒவ்வொரு புரட்டலுக்கும் ஒருமுறை கத்தியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சடையாண்டி பக்கத்தில் வந்தது.

"பங்காளி, தலையைக் காட்டு. பிடுங்கிவிடுகிறேன்."

வெள்ளையன் தலையைக் காட்டியது. நான்காவது முள் வரும்போது அதன் கண்ணில் தண்ணீர் வந்தது. "வலிக்கிறதா?" என்று சடையாண்டி கேட்டது. "மழைத்தண்ணீர்," என்றது வெள்ளையன்.

பாதிக் கிழங்குதான் மிஞ்சியது. மீதி சேறோடு சேறாகப் போனது. அந்த வருஷம் இரண்டு வீட்டிலும் குட்டிகள் அரை வயிற்றோடுதான் வளர்ந்தன. சாரையக்கா மட்டும் ஜலதோஷம் சரியாகி நன்றாக இருந்தாள்.

செவத்தாளின் ஒரு சாண் பாதையாயிற்று. அவளும் குருவம்மாவும் முதலில் நடந்தார்கள். பிறகு மான்கள் நடந்தன, மயில்கள் நடந்தன, ஓடைக்குப் போகிற எல்லாரும் அதிலேயே நடந்தார்கள். கால் பட்டுப் பட்டுப் பாதை அகலமாகிக்கொண்டே வந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அது மூன்று சாண் ஆகிவிட்டது. மேற்கே ஒரு சாண், கிழக்கே ஒரு சாண் தின்றிருந்தது.

அதை வெள்ளையனும் பார்த்தது, சடையாண்டியும் பார்த்தது. இரண்டும் பேச்சை மாற்றி வானத்தைப் பற்றிப் பேசின.

நீதி: பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சாண் மண்ணைப் பிடிக்கக் கிளம்புகிறவர், தன் சொந்த வீட்டையே வெளியில் நின்று பார்க்க நேரும்.